ஓர் அழுத்தலுக்கு ஓர் ஆணி

“அப்ப இது ஒவ்வொரு ஆணிக்கும் நம்மகிட்ட உத்தரவு வாங்கும். அது உத்தரவே கேக்காது. அப்படித்தானே?” என்று கேட்டான் மைத்துனன்.

“கேக்கும். ஆனா ஒரு தடவைதான் கேக்கும்” என்றாள் கடைக்காரம்மா. “விசையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டா போதும். மூக்கு மரத்துல பட்ட இடமெல்லாம் ஆணி இறங்கும். கோழி கொத்துற மாதிரி டக் டக் டக்னு போயிட்டே இருக்கலாம்.”

“எங்களுக்கு அந்தக் கோழிதான் வேணும். என்ன மச்சான் சொல்றீங்க?”

மேசைமேல் கிடந்த இரண்டு ஆணித் துப்பாக்கிகளையும் மச்சான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் காற்றில் ஓடுபவை. இரண்டுக்கும் ஒரே குழாய்தான், குண்டூசியைவிடக் கொஞ்சம் தடித்த அதே மெல்லிய ஆணிகள்தான். வித்தியாசம் விசையில் மட்டும். ஒன்று, மூக்கை மரத்தில் வைத்து அழுத்தி, விசையை இழுத்தால், ஒரே ஓர் ஆணியை விட்டுவிட்டு அடுத்த இழுப்புக்காகக் காத்திருக்கும். மற்றது காத்திருக்காது.

தொழிலில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். கதவு நிலையைச் சுற்றி அவர் அடிக்கும் பீடிங் என்ற மெல்லிய அலங்காரப் பட்டையில் மூலை சேரும் இடத்தை விரலால் தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். மனைவியின் தம்பி வேறு வேலையை உதறிவிட்டு அவரோடு வந்து சேர்ந்ததே அந்தப் பெயரை நம்பித்தான். மைத்துனன் பிடிப்பான், அவர் அடிப்பார். இப்போது கையில் இருப்பது ஒரு மாடி வீடு. கதவு, சன்னல், தரையோரப் பட்டை என்று வேலை மலையாகக் கிடந்தது. வீட்டுக்காரர் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாளோ கிட்டே வந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் ஊரறிந்தது. அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்தது ஒன்று இருந்தது. தூரத்தில் ரயில் போகும்போது டம்ளரில் தண்ணீர் நடுங்குமே, கொஞ்ச மாதங்களாக அவருடைய வலது கை அப்படித்தான் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ரயில் போய் முடிவதாகத் தெரியவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று மனைவி சொல்லும்போதெல்லாம் அவர் சட்டைப் பையைத் துழாவ ஆரம்பித்துவிடுவார். “என் தம்பி தானா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க” என்று அன்று காலையிலும் சொன்னாள். சொல்லலாம்தான். சொன்ன பிறகு ரசமட்டத்துக்கு என்ன வேலை?

போன வாரம் சுத்தியல் ஆணியை விட்டுவிட்டு மைத்துனனின் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. நகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. “அக்காவை உங்களுக்குக் கட்டி வெச்சதுக்கு இப்படியா பழி வாங்கறது?” என்று ஊதிக்கொண்டே சிரித்தான் அவன். அன்றைக்குத்தான் அவர் துப்பாக்கி வாங்கலாம் என்று தீர்மானித்தார். கை நடுங்கும், இயந்திரம் நடுங்காது என்று கணக்குப் போட்டார்.

“ரெண்டையும் அடிச்சுப் பாருங்க” என்று கடைக்காரம்மா ஒரு பலகைத் துண்டை எடுத்துப் போட்டாள்.

மைத்துனன் அவசரக்காரத் துப்பாக்கியை எடுத்துத் தையல் போட்டது போல வரிசையாக அடித்துவிட்டு, “ஆஹா!” என்று அவரிடம் நீட்டினான். அவர் வாங்கி, இடது கையையும் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூக்கை மரத்தில் வைத்தார். டடக்! ஒன்று உள்ளே போனது. உதறிய கை மூக்கை மறுபடி மரத்தில் தட்டியதில் இன்னொன்றும் பாய்ந்தது. அது உள்ளுக்குள் வளைந்து, பலகையின் பக்கவாட்டில் முள்ளைப் போல எட்டிப் பார்த்தது.

“ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?” என்றான் மைத்துனன்.

கடைக்காரம்மா சிரிக்கவில்லை. “புதுசுல துள்ளத்தான் செய்யும்” என்றாள். அவளுடைய பார்வை அவர் கைமேல் தேவைக்கு மேல் கொஞ்சம் தங்கிவிட்டதாக அவருக்குப் பட்டது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். அவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“மெதுவாப் போறதே போதும்.”

“மச்சான், ஆமையை வாங்கி முயல் வேலை பாக்கச் சொல்றீங்க.”

“பீடிங் ஓரம் பிளந்தா யாரு பட்டி பாக்கறது? இதுதான் மரத்துக்கு நல்லது.”

அது அரைப் பொய். மரத்தைப் பற்றி அவர் அப்போது நினைக்கவே இல்லை. மைத்துனன் தலையைச் சொறிந்தான். “நீங்க சொன்னா சரிதான். ரசமட்டம் பொய் சொல்லுமா?” என்று சொல்லிவிட்டு ஆமையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

மாடி அறையில் வண்ண வாடை இன்னும் போகவில்லை. கம்ப்ரசரை நடையில் வைத்துக் குழாயை உள்ளே இழுத்தார்கள். சன்னலில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளில் காற்று நுழைந்து, யாரோ பக்கத்து அறையில் புத்தகம் புரட்டுவது போலச் சலசலத்தது. மைத்துனன் முதல் பீடிங்கைக் கதவு நிலையோடு சேர்த்து அழுத்தினான்.

“விரலைத் தள்ளி வை. ஒரு சாண் தள்ளி.”

“அவ்வளவு தள்ளினா முனை விலகிடும் மச்சான். நீங்க அடிங்க.”

அடித்தார். ஓர் ஆணி. கையை எடுத்து, ஆற விட்டு, மறுபடி வைத்தார். இன்னோர் ஆணி. தலை தெரியாமல் இறங்கியிருந்தது. இடுப்பு உயரத்தில் கை பேசாமல் இருந்தது. நெஞ்சு உயரத்தில் லேசாக முனகியது, அவ்வளவுதான். ஒரு பக்கம் முழுக்க முடிந்தபோது, ஒப்பேற்றிவிடலாம் என்றே அவருக்குத் தோன்றியது. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, யாருக்கும் தெரியாமல் இப்படியே ஓட்டிவிடலாம்.

மேல் மூலைக்கு ஏணியில் ஏற வேண்டியிருந்தது. மைத்துனன் ஒரு முக்காலிமேல் நின்று, இரண்டு பட்டைகளும் சாய்வாகச் சேரும் இடத்தை விரல்களால் கவ்விப் பிடித்திருந்தான். அவர் கையைத் தலைக்குமேல் தூக்கியதும் அந்த ரயில் வந்துவிட்டது. துப்பாக்கியின் மூக்கு பட்டைமேல் இப்படியும் அப்படியும் அலைந்தது. இறங்கிவிடலாம், எண்ணெய் போடணும் என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே விரல் விசையை இழுத்துவிட்டது.

டக்.

ஆணி கோணலாக நுழைந்து, மரத்தின் ரேகையோடு ஓடி, ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மைத்துனனின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வந்து நின்றது.

மைத்துனன் கையை மெல்ல உருவி, பிறந்த குழந்தையின் விரல்களைப் பார்ப்பது போல ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“மெஷின் சரியில்ல மச்சான்” என்றான் அவன் கடைசியில். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. “கோணல்மாணலாப் போகுது பாருங்க. இப்பவே போவோம். அந்தம்மாகிட்ட ஒரு சண்டையைப் போட்டு, அந்த இன்னொண்ணை வாங்கிட்டு வந்துடலாம். நான் அப்பவே சொன்னேன்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இயந்திரத்துக்கு வாய் இல்லை, பழியைச் சுமந்துகொள்ளும். ஆனால் நாளைக்கு அவர் கையில் இருக்கப்போவது உத்தரவு கேட்காத துப்பாக்கி. அதன் முன்னால் மரத்தைக் கவ்விப் பிடித்திருக்கப்போவதும் இதே விரல்கள்தான், இதே நம்பிக்கையோடு.

அவர் இறங்கினார். குழாயைக் கழற்றித் துப்பாக்கியைத் தரையில் வைத்தார். சன்னல் வெளிச்சத்தில் வலது கையை நீட்டினார்.

“மெஷின்ல ஒண்ணும் இல்ல மாப்ள. இங்க பாரு.”

கை நடுங்கியது. இனி மறைக்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, என்றைக்கும் இல்லாத அளவுக்கு நடுங்கியது.

“காலையில சாப்பிடலையா?” என்றான் மைத்துனன்.

“சாப்பிட்டேன். கொஞ்ச மாசமாவே இப்படித்தான். உன் அக்காவுக்குத் தெரியும். உன்கிட்டதான் சொல்லல.”

அவன் முக்காலியிலிருந்து இறங்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி, சுவரோரம் சாத்தியிருந்த புதுப் பட்டை ஒன்றை எடுத்தார். அடுத்த கதவு நிலையில் அதைப் பொருத்தி இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தினார். பலமாக அழுத்தியதில் நடுக்கம் அடங்கியது. பட்டை அசையவில்லை. முனைக்குப் பக்கத்தில், ஒரு சாண்கூட விடாமல், அவருடைய விரல்கள் இருந்தன.

நடையில் கம்ப்ரசர் மறுபடி இரைய ஆரம்பித்தது. அதற்கு மேலாகக் கேட்க வேண்டும் என்று அவர் குரலை உயர்த்தினார்.

“நான் பிடிச்சுக்கறேன். இனிமே நீ அடிக்கிறியா மாப்ள?”