நடு அறையின் நிழல்

என் அண்ணன்கள் வீட்டைப் பங்கு போட்டபோது மொட்டைமாடியைக்கூட விட்டுவைக்கவில்லை. கயிறு பிடித்து அளந்து நடுவில் கோடு போட்டார்கள். மேற்குப் பாதி பெரியண்ணனுக்கு, கிழக்குப் பாதி சின்னண்ணனுக்கு. கோட்டின் மேலேயே இருந்த மாடி அறை மட்டும் பொதுவாம். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்த அறை ஞாபகம் வந்தது. அம்மா மேலே ஏறிவிட்டாள்.

அதன்பிறகு அண்ணன்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. போட்டி மட்டும் குறையவில்லை. பெரியவர் சோலார் பேனல் போட்டார் என்று சின்னவரும் வயிற்றெரிச்சலில் போட்டார். இரண்டு வீட்டிலும் எதிர்பார்த்த கரண்ட் வரவில்லை. நான் அம்மாவைப் பார்க்கப் போயிருந்த அன்று, சோலார்காரர் மாடிக்கு வந்தார், பின்னாலேயே அண்ணன்கள் இருவரும்.

"காலையில இந்த ரூம் நிழல் பெரியவர் பேனல் மேல விழுது. மத்தியானத்துக்கு மேல சின்னவர் பக்கம். ஒண்ணு நிழல்ல இருந்தாலும் அந்த வரிசையே படுத்துடும் சார்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று எகிறினார் பெரியண்ணன்.

"சொன்னேனே. ஓரமா தள்ளி வைக்கலாம்னேன். ரெண்டு பேருமே கோட்டை ஒட்டித்தான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க. இப்பவும் தள்ளிடலாம்."

"தள்ளினா நடுவுல காலியாகும். அந்த இடத்தை வளைச்சுக்கலாம்னு சில பேர் காத்துக்கிட்டிருக்காங்க" என்று சின்னண்ணன் வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

பெரியண்ணன் அறையை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"டேய், ரூமை எடுத்துட்டா?"

"நானும் அதைத்தான் நெனச்சேண்ணா."

எத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்த 'டேய்', இந்த 'அண்ணா'! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"உள்ள அம்மா இருக்கா. ஞாபகமாவது இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

இருவரும் சேர்ந்தாற்போல் என் பக்கம் திரும்பினார்கள்.

"உன் வீட்டுல ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு?" என்றார் சின்னண்ணன்.

அந்த அறையில் என் கணவர் வாங்கிப் போட்ட உடற்பயிற்சி சைக்கிள் நிற்கிறது. யாரும் மிதிப்பதில்லை, துணி காயப்போடுகிறோம்.

"அவர்கிட்ட கேக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. அம்மா வெளியே வந்தாள். எங்கள் மூவரையும் பார்க்காமல் நேரே சோலார்காரரிடம் போய் நின்றாள்.

"தம்பி, இடிக்கிறப்போ தூசி பறக்கும். அதுக்கு முன்னாடி பேனலையெல்லாம் நல்லா மூடி வெச்சுடுங்க" என்றாள். "பசங்க ஆசையா போட்டது."