அடைத்த ஜன்னல்

பழைய நகரத்துச் சந்துகளில் ஆட்களை நடத்திக்கொண்டு போய்க் கதை சொல்வது என் பிழைப்பு. பதினோரு வருடமாகிறது. செருப்புத்தான் தேய்ந்ததே தவிர வாய் தேயவில்லை.

மணிக்கூண்டிலிருந்து மூன்றாவது சந்தில் ஒரு கல் வீடு இருக்கிறது. அதன் மாடி ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். பின்தங்கி வருபவர்களுக்காக நான் காத்திருக்கும் இடம் அது. சும்மா நிற்க எனக்கு வராது. அதனால் முதல் வருடமே ஒரு கதை கட்டினேன். எதிர்வீட்டு அண்ணன் முகத்தில் விழிக்கக் கூடாதென்று தம்பிக்காரன் ஜன்னலை அடைத்துவிட்டானாம். வருடா வருடம் அதற்குக் கண், காது, மூக்கு வைத்தேன். கடைசியில், அண்ணன் சாவுக்குக்கூட அவன் எட்டிப் பார்க்கவில்லை என்று முடிப்பேன். சிலர் அழுதே இருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

என் நடை அருங்காட்சியகத்தில் முடியும். காட்சிப் பொருள்களுக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டைகளை எழுதுவது அங்கே என் தம்பியின் வேலை. இரண்டு வருடமாகத் தற்காலிகம். பழைய தெருக்களைப் பற்றிய புது அறையை அவன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அதற்கு அருங்காட்சியகத் தலைவி கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரமாகிவிடும். ஒரு மாதமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

போன வாரம் அந்த அறையை வெள்ளோட்டமாகத் திறந்தபோது என் கூட்டத்தைத்தான் முதலில் விட்டார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் ஜன்னல் படத்துக்குக் கீழிருந்த அட்டையைச் சத்தமாகப் படித்தார். ‘அண்ணன் சாவுக்குக்கூட அவன் எட்டிப் பார்க்கவில்லை.’

தம்பியைத் தனியே இழுத்துப் போனேன். ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும் என்பது அங்கே சட்டம். அவன் நிதானமாகக் கோப்பைத் திறந்து காட்டினான். ஒன்று, ‘வழிகாட்டி ஒருவர் சொன்னது’. இன்னொன்று, போன வருடம் வந்த ஒரு சுற்றுலாக் கையேடு. அதை எழுதின ஆள் நோட்டும் கையுமாக மூன்று நாள் என் பின்னாலேயே நடந்தவர். ஆக இரண்டு சாட்சி, ஒரே வாய். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இவன் என்னிடம் கேட்கக்கூட இல்லை.

“அது நான் கட்டுன கதைடா.”

கோப்பை மூடினான். “எதுவரைக்கும்?”

“ஜன்னல் மட்டுந்தான் நிஜம்.”

அந்த நேரம் பார்த்துத் தலைவி பேனாவோடு உள்ளே வந்தார். நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக எனக்கும் வாயை மூட ஆசை வந்தது. தம்பி நேரே போய் அட்டையைக் கழற்றினான். சரியாக விசாரிக்காமல் எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது என்றான். அந்த வழிகாட்டி யார் என்று தலைவி கேட்டார். அவன் தரையைப் பார்த்தான்.

“நான்தான் மேடம்,” என்றேன்.

என் கழுத்திலிருந்த அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் உள்ளே வரக்கூடாது. தம்பி எல்லா அட்டைகளையும் மறுபடி சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து என்றார்.

அதற்குப் பிறகு ஆறு நாள் தம்பி என் முகத்தில் விழிக்கவில்லை. நான் எழுவதற்குள் கிளம்பிப் போய்விடுவான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இந்த நுணல் தம்பியையும் சேர்த்துக் கெடுத்தது என்று நினைத்து நினைத்து மருகினேன்.

ஏழாம் நாள் கூட்டத்தை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்றிருந்தேன். தம்பி வெளியே வந்து ஒரு அட்டையை நீட்டினான். ‘இந்த ஜன்னலை எப்போது, ஏன் அடைத்தார்கள் என்று இதுவரை தெரியவில்லை.’

தலைவி கையெழுத்துப் போட்டுவிட்டாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதையாவது அப்படியே சொல்லுக்கா,” என்றான்.

மறுநாள் அந்த வீட்டு முன்னால் அப்படியே சொன்னேன். அவ்வளவுதானா என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான் என்றேன். பின்தங்கியவர்கள் வந்து சேரும்வரை சும்மா நின்றேன்.