துரு துலக்கியவர்

மொட்டை மாடியில் இருந்த பார்பிக்யூ அடுப்பு ஆறு குடித்தனத்துக்கும் பொது. பொது என்றால், கறி சுட எல்லோருக்கும் உரிமை. கழுவ யாருக்கும் கடமையில்லை. யாரோ கடைசியாகச் சுட்டுவிட்டு மூடாமல் போய்விட, மழைக்காலம் முழுக்க நனைந்து அதன் கம்பி வலை செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. "நாங்க இல்ல" என்று ஆறு வீடும் ஒரே குரலில் சொன்னது. அந்தக் கட்டடம் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இரண்டாம் மாடிக் கண்ணாடிக் கடைக்காரருக்குச் சண்டை என்றாலே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மச்சினியும் சகலையும் வேறு வருகிறார்கள்.

"நாமே துலக்கிட்டா வம்பு முடிஞ்சுதே," என்று வாளியைத் தூக்கினார்.

"சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க," என்றாள் மனைவி.

கேட்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே மேலே ஏறி, இறுகிப்போன சாம்பலைச் சுரண்டிக் கொட்டினார். வலையை வினிகரில் ஊறப்போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். துரு செதில் செதிலாக உதிர்ந்து அவர் மூக்கு நுனிவரை அப்பியது. அடியில் இரும்பு பளிச்சென்று தெரிந்தபோது மனிதருக்கு வாயெல்லாம் பல்.

துணி காயப்போட வந்தார் முதல் மாடி நர்ஸம்மா.

"ஓ, நீங்கதானா அது?"

"ஐயோ, நான் இல்லைங்க. சும்மாதான்..."

"சும்மா யாராவது துரு தேய்ப்பாங்களா? சரி, விடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

கால் மணி நேரத்தில் கட்டடமே மேலே வந்துவிட்டது. எல்லோரும் 'பாலிசி' என்று கூப்பிடும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் தோளைத் தட்டினார். "யானைக்கும் அடி சறுக்கும் சார். பண்ண தப்பை நீங்களே கழுவுறீங்க பாருங்க, அதான் பெரிய மனசு."

மறுக்க மறுக்க மன்னிப்பு கூடிக்கொண்டே போனது. அவர் வாயை மூடிக்கொண்டு வலையைத் துடைத்து, கரி மூட்டிக் காயவைத்து, எண்ணெய் தடவி முடித்தார்.

ஞாயிறன்று ஆறு வீட்டுக் கறியும் அந்த அடுப்புக்கே வந்தது. கூடவே ஆறுதலும்.

"என்ன சகலை, இங்க ஆளாளுக்கு உங்களை மன்னிச்சுக்கிட்டே இருக்காங்க?" என்று கேட்டார் சகலை.

கண்ணாடிக் கடைக்காரர் இடுக்கியைக் கீழே போட்டார். "ஆமாங்க! நான்தான் மூடாம விட்டேன். போதுமா?"

நர்ஸம்மா கண்ணைச் சுருக்கினார். "நேத்து வரைக்கும் இல்லைன்னவர் இன்னைக்கு ஏன் ஒத்துக்கறாரு? யாரையோ காப்பாத்தறாருங்க."

எல்லோர் தலையும் அவர் மனைவி பக்கம் திரும்பியது.

"பரவாயில்லம்மா," என்றார் பாலிசி, இளகிய குரலில். "வீட்டு வேலை ஆயிரம். மறந்திருப்பீங்க."

அவள் தங்கையின் முன்னால் வாங்கிய மன்னிப்பு அது. அவள் கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

கறி வலையில் துளிகூட ஒட்டவில்லை என்று அன்றைக்கு எல்லோரும் மெச்சினார்கள். மனைவிதான் பரிமாறினாள். பாலிசிக்கு இரண்டாம் தடவைகூடக் கிடைத்தது. துலக்கியவருக்குத்தான் கடைசிவரை தட்டு வரவில்லை.