மரு உதிர்ந்த கழுத்து

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். இனிப்பாக இருக்காது. இருந்தாலும் கேளுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் தாமரைச்செல்விக்குக் கழுத்தைச் சுற்றி ஏழெட்டு மரு. மிளகு அளவுதான்; தொட்டால் ஆடும், வலிக்காது. பிடரியில் கூந்தலுக்கு அடியில் நெல்லிக்காய் போல ஒரு கட்டி. அத்தை மகன் அழகுராஜாவுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே அவன்மேல் அவளுக்கு ஆசை.

பரிசத்துக்கு நாள் குறிக்க வந்த அத்தை ஒச்சம்மாள், அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள்.

"தாலி ஏறுற எடத்துல இம்புட்டு மருவா? உதுத்துட்டுச் சொல்லு மதினி, வாரேன்."

தாமரைச்செல்வி மதுரைக்கு பஸ் ஏறினாள். டாக்டர் கட்டியை விரலால் நகர்த்திப் பார்த்தார்.

"இது வெறும் கொழுப்புக் கட்டி. வளந்தா, இறுகுனா வந்து காட்டு. மரு, தோல் உரசுற எடத்துல வர்றது, ஒண்ணும் செய்யாது. சுகர் மட்டும் ஒருதரம் பாத்துக்க. பிடிக்கலைன்னா மரத்துப்போக ஊசி போட்டு நறுக்கிடலாம். நீயா எதையும் தடவிராத."

அம்மா மாயக்காள் கேட்கவில்லை. "ஆஸ்பத்திரிக்கு நடந்தா, பொண்ணுக்கு என்ன சீக்குன்னு ஊரு கேக்கும்."

வெற்றிலைச் சுண்ணாம்பில் சலவைச் சோடாவைக் குழைத்தாள். மருவுக்கு மரு தொட்டுவைக்கப் பொறுமையில்லாமல் கழுத்தைச் சுற்றி ஒரே பூச்சாகப் பூசினாள்.

"எரியுதும்மா."

"எரிஞ்சாத்தான் உதிரும். அவன் வேணுமா வேணாமா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மரு உதிர்ந்தது. கூடவே தோலும். புண் ஆறியபோது கயிறு இறுக்கியது போலக் கழுத்தைச் சுற்றிக் கருத்த தடம்.

ஒச்சம்மாள் மகனோடு மறுபடி வந்தாள். "எவனுக்காகடி தொங்குன?"

"நீங்கதானத்தை உதுக்கச் சொன்னீக. சுண்ணாம்பு வச்சோம்."

"மருவைத்தான உதுக்கச் சொன்னேன்?"

தாமரைச்செல்வி அழகுராஜாவைப் பார்த்தாள். அவன் போனிலிருந்து தலை தூக்கவில்லை. "ஊரு அப்பிடித்தான பேசும்" என்றான்.

கட்டி அங்கேயேதான் இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை.

ஆவணியில் அழகுராஜாவுக்குக் கொட்டாம்பட்டியில் பெண் எடுத்தார்கள். தாமரைச்செல்வி அந்தக் கல்யாணத்துக்குப் போனாள். கழுத்தை மூடாமல் முன்வரிசையில் உட்கார்ந்தாள். தாலி கட்டும்வரை ஒச்சம்மாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பந்தியில் கை நனைக்காமல் தாமரைச்செல்வி பஸ் ஏறினாள்.

உங்கள் குடி நல்லா இருக்கட்டும் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள், பிறவியில் வந்த உடம்புக்காக ஒரு பழிச்சொல்லும் கேட்காமல், நெடுநாள் நடமாடட்டும்.