இரண்டாவது ஷெட்டின் கதவு

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. பக்கத்து வீட்டு அகிலாவின் முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில், எங்கள் தெருவில், யார் துணியை உதறினாலும் பட்டு இழை விழும். அகிலாவின் வீட்டில் தறி. அவளுக்கு வேலையோ, ஐயம்பேட்டைப் பக்கம் ஜெபகுமாரின் கார்னேஷன் தோட்டத்தில்.

(இந்த வெயிலில், குளிர் மலையில் பூக்கிற கார்னேஷனா என்று சிரிக்காதீர்கள். ஊரே சிரித்தது. அவன் பிளாஸ்டிக் கூரை போட்டு, விசிறியும் ஈரத் தட்டியும் வைத்து, இரண்டு ஷெட் நிறையப் பூக்க வைத்தான்.)

2.

ஜெபகுமாரைப் பற்றி முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழைத்த குடும்பத்தில், சொந்த மண்ணில் நின்ற முதல் ஆள்…' அடித்துவிட்டேன். உண்மைதான், ஆனால் மேடைப் பேச்சு வாடை. நேராகவே சொல்கிறேன்: இரண்டு ஷெட்டும் போனால் கடனுக்கு நிலமும் போகும். அவன் மறுபடி கம்பெனி வேன் ஓட்டப் போகவேண்டும்.

3.

ஒரு காலையில் முதல் ஷெட்டின் மொட்டுகள்மேல் மெல்லிய இழை கிடந்தது. அகிலா பதறவில்லை. தன் சேலையிலிருந்து விழுந்த நூல் என்று நினைத்துக் கூச்சப்பட்டு, விரலால் எடுத்துப் போட்டபடி பாத்தி பாத்தியாக நடந்தாள். தறி வீட்டுக்காரி வேறெப்படி நினைப்பாள்? அந்த இழையை விட்டவை அவள் விரலில் ஏறிக்கொண்டு அடுத்தடுத்த பாத்திக்குப் போயின.

(பூச்சி என்று எழுதக்கூடாதாம். எட்டுக் கால், சிலந்திப்பேன். வழக்கமான செஞ்சிலந்தியும் இல்லை, நிறமே இல்லாத ஒன்று. பார்க்க வந்த ஆய்வாளர், இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றார். எந்த மருந்துக்கும் அசையவில்லை. இதை எழுதத் தொடங்கியதிலிருந்து என் கழுத்தில் என்னமோ ஊர்கிறது.)

அந்த இழை முதல் ஷெட்டை வெள்ளையாக மூடிவிட்டது. விசிறி ஓடுகிறது, உள்ளே ஒரு பூவும் ஆடவில்லை.

"எங்கூட்டு நூலுன்னு நெனச்சிக்கினு, நான்தாண்ணா கையால எடுத்து எடுத்துப் போட்டேன்" என்றாள் அகிலா.

ஜெபகுமார் கோபித்துக்கொள்ளவில்லை. "நானும் அப்டித்தாம்மா நெனச்சேன். ரெண்டாவது ஷெட்டுப் பக்கம் மட்டும் போவாத."

4.

இங்கேதான் எனக்கும் அவளுக்கும் தகராறு. அகிலா சொன்ன பேச்சைக் கேட்டு வீட்டிலிருக்கிறாள், இரண்டாவது ஷெட் பிழைக்கிறது என்று ஒரு முடிவு எழுதினேன். நாலு வரி தாண்டவில்லை. மனசு கேட்காமல், ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பிவிட்டாள். ஷேர் ஆட்டோக்களை நிறுத்திப் பார்த்தேன், நடந்தே வந்தாள். ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டேன். சாவி அவள் இடுப்பில் இருந்தது. சத்தியமாக நான் வைக்கவில்லை.

5.

இப்போது தாழ்ப்பாளில் அவள் கை. தோளில் ஒரே ஓர் இழை. தறியிலிருந்து வந்ததா, முதல் ஷெட்டிலிருந்து வந்ததா, எனக்கே தெரியாது, பயமாக இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் பூக்கள் இன்னும் விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்தக் கதையை நான் முடிக்கப்போவதில்லை. நான் எழுதாதவரை அவளால் கதவைத்

ஜெபகுமாருக்காகக் கேட்கிறேன். அடுத்த சொல்லை நீங்களும் நினைத்துவிடாதீர்கள்.