குளித்த கார்டு

கம்ப்யூட்டர் கடையில் அவனுக்குப் பெயர் திருப்புளி. வாயில் இரண்டு திருகாணி, கையில் ஒரு திருப்புளி, பத்து வருடமாக இதுதான் அவன் கோலம். வாடிக்கையாளர்கள் வாங்கும் உதிரிகளை ஒன்றாகக் கோத்து முழுக் கம்ப்யூட்டராக்கித் தருவது அவன் வேலை. முதலாளிக்கு விலை தெரியும், பொருள் தெரியாது. அதனால் வருகிறவர்கள் முதலாளியிடம் விலையைக் கேட்டுவிட்டு ஓரக்கண்ணால் திருப்புளியைப் பார்ப்பார்கள். அவன் தலையாட்டினால்தான் பையைத் திறப்பார்கள். அந்தத் தலையாட்டலைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

ஒரு மதிய நேரம் பஸ் அக்கா படியேறி வந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டாகிவிட்டது, மூன்றரைக்குத் திரும்ப அள்ளிக்கொண்டு வர வேண்டும், நடுவில் கிடைத்த நேரத்தில் சீருடைச் சட்டையோடு வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதுக்குக் குறையாது. கையில் கோடு போட்ட நோட்டு.

"கேம் ஆடற கம்ப்யூட்டர் வேணும்."

"பையனுக்கா, பொண்ணுக்கா?" என்றார் முதலாளி.

"எனக்கு."

முதலாளி சட்டென்று செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. திருப்புளி வாயிலிருந்த திருகாணிகளை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"என்ன கேம்க்கா?"

"லாரி ஓட்டறது. மழையில, மலை ரோட்டுல, நாள் பூரா ஓட்டிட்டே போலாமாம். வீடியோவுல பார்த்தேன்."

"நெசத்துலயே நாள் பூரா வண்டிதானே ஓட்டறீங்க?"

"தம்பி, அந்த லாரியில பின்னாடி நாப்பது புள்ளைங்க உக்காந்து கத்தாது. ஒருத்தனும் என் சட்டையில வாந்தி எடுக்க மாட்டான்."

திருப்புளிக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

கையில் இருந்தது ஐம்பத்தைந்தாயிரம். அதற்குமேல் சல்லிக்காசு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். இரண்டு வருடம் விடுமுறை நாட்களில் சுற்றுலா வண்டி ஓட்டிச் சேர்த்ததாம். அந்தத் தொகைக்குள் கேம் ஆடுகிற மாதிரி ஒன்றைக் கட்டுவதென்றால் குட்டிக்கரணம் அடிக்க வேண்டும். ஆனால் அதில்தான் திருப்புளிக்குக் குஷியே. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வந்து எல்லாவற்றிலும் விலை கூடியதைக் கொடு என்று கேட்டால் அதில் அவனுக்கு என்ன வேலை இருக்கிறது?

மூன்று வாரம் நடந்தது இந்தப் பேச்சு. வாரத்துக்கு இரண்டு நாள் வருவாள். அவன் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்வாள். பிராசஸர் ஓட்டுநர் மாதிரி, கிராபிக்ஸ் கார்டு எஞ்சின் மாதிரி என்று அவன் ஆரம்பித்து வைத்தான். மிச்சத்தை அவளே பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இந்தப் பவர் சப்ளை?"

"அதுல மட்டும் மிச்சம் புடிக்கக் கூடாதுக்கா. மட்டமானதைப் போட்டா ஒருநாள் மத்ததையும் சேர்த்துக் கருக்கிடும்."

"பிரேக்கு மாதிரின்னு சொல்லு. சரி, நல்லதாவே போடு. பெட்டியில எதுக்கு இத்தனை கலர் லைட்டு? லைட்டு எரிஞ்சா வேகம் கூடுமா?"

"கூடாதுக்கா."

"அப்ப எடுத்துடு. நான் என்ன ஊர்வலமா போறேன்?"

லைட்டில் மிச்சம், பெட்டியில் மிச்சம். பிராசஸர் போன வருடத்து மாடல் போதும் என்று அவனே சொன்னான். இப்படிப் பிடித்துப் பிடித்து எல்லாப் பணத்தையும் கிராபிக்ஸ் கார்டுக்குத் தள்ளினார்கள். படம் காட்டுவது அதுதான். மழைத்துளி கண்ணாடியில் வழிவதும் மலையில் பனி இறங்குவதும் அதன் புண்ணியத்தில்தான். கடைசியில் ஒரு கார்டு முடிவாயிற்று. அவள் அதன் பெயரை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள்.

வாங்க வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தைய நாள் அந்தக் கார்டு ஏழாயிரம் ஏறிவிட்டது.

"என்ன பண்றது?" என்று திருப்புளி கேட்டான்.

"இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கற? குளிச்சது ஒண்ணு எடுத்துக் குடு" என்றார் முதலாளி.

குளித்தது என்பது அந்தக் கடையின் உள்பாஷை. இணையத்தில் பிட்காயின் மாதிரிக் காசு தோண்டுகிறோம் என்று சிலர் கார்டுகளை வரிசையாக அடுக்கி, இரண்டு வருடம் ஒரு நிமிடம்கூட அணைக்காமல் ஓடவிடுவார்கள். தோண்டித் தோண்டி அலுத்ததும் மூட்டையாகக் கட்டி விற்றுவிடுவார்கள். முதலாளி ஒரு மூட்டை வாங்கிப் போட்டிருந்தார். தூசியை பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, புது விசிறி மாட்டினால் பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். அதைப் பெட்டியில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, தலைமுடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்டினால் தாள் சுருங்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும். கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். குளிப்பாட்டுவது, சட்டை போடுவது எல்லாம் திருப்புளியின் கைவேலைதான். செய்தானே தவிர, அதுவரைக்கும் தன் கையால் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. விற்பதெல்லாம் முதலாளி. அதுவரை தன் கை சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

வேறு வழி இல்லாமலா போயிற்று? ஒரு படி சின்னக் கார்டாக, புதியதாகக் கொடுத்திருக்கலாம். ஒரு மாதம் பொறுங்கள் அக்கா, விலை இறங்கும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாகக் கோத்த கணக்கு கடைசி நாளில் சரிந்தது என்று அவளிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அவள் ஆசைப்பட்ட கார்டு, அவள் கையில் இருக்கிற பணத்துக்குள். நாம் நல்லதுதானே செய்கிறோம் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டான். அந்த வக்கீல் நன்றாகவே வாதாடினான்.

மறுநாள் அவள் கார்டின் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புதுசுதானே தம்பி?"

"சீல் போட்ட பெட்டிக்கா" என்று சொல்லித் தலையாட்டினான். வாயால் பொய் சொல்லவில்லை என்று அன்று மாலை வரைக்கும் அதில் ஒரு ஆறுதல் வேறு.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. தினமும் காலையில் அவன் கடைக்கு நடந்து வரும் தெருவில்தான் அவளுடைய பஸ் போகும். அவனைக் கண்டதும் ஹாரனை இரண்டு தரம் அடிப்பாள். ஜன்னல் வழியாகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, "நேத்து மூணு மலை ஏறிட்டேன் தம்பி!" என்று கத்துவாள். பின்னாலிருந்து நாற்பது பிள்ளைகளும் கை ஆட்டும். அவனும் ஆட்டுவான். பத்தாம் நாளிலிருந்து அவன் தபால் ஆபீஸ் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தான். கால் மணி நேரம் கூடுதல் நடை. நடக்கும்போதெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தான். சொல்லிவிடலாம் என்று ஒரு நாளைக்கு நாலு தரம் தோன்றும், சொன்னால் என்ன நினைப்பாள் என்று ஐந்து தரம் தோன்றும்.

நாற்பதாம் நாள் அவளே வந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கடையில் கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள்.

"நான் கெடுத்துட்டேன் தம்பி" என்றாள்.

திருப்புளி எழுந்து பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தான்.

"ஞாயித்துக்கெழம லீவுதானேன்னு காலையில உக்காந்தவ மதியம் வரைக்கும் எந்திரிக்கல. எல்லா செட்டிங்கையும் ஃபுல்லுல வெச்சு ஓட்டினேன். திடீர்னு ஸ்கிரீன் பூரா கோடு கோடா வந்துச்சு. அப்புறம் கறுப்பா போயிடுச்சு. ஒரு வாரமா எதையெதையோ அமுக்கிப் பார்த்து, இருக்கறதையும் கெடுத்திருப்பேன் போல. என் பொண்ணு அப்பவே தலையில அடிச்சுக்கிட்டா, உனக்கெதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்னு. அவ சொன்னது சரிதான். எனக்கு இது ஒத்து வராது. நீங்களே எடுத்துக்கிட்டு, குடுக்கறதைக் குடுங்க." முதலாளி பக்கம் திரும்பினாள். "தம்பி எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கோத்துக் குடுத்துச்சு. அதைக் காப்பாத்தத் தெரியல எனக்கு."

"கடை குடுத்த ஒரு மாச வாரண்டி முடிஞ்சுபோச்சேம்மா" என்று முதலாளி உச்சுக் கொட்டினார். "இருந்தாலும் நம்ம கஸ்டமர். பாதி வெலைக்கு எடுத்துக்கறேன், வேற யாருன்னா இதுகூடக் குடுக்க மாட்டாங்க."

அவள் நன்றி சொன்னாள். உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டாள்.

திருப்புளி பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு தூசி இல்லை. சமையலறையைப் போல வைத்திருந்தாள். கார்டின் ஓரத்தில் மட்டும் எண்ணெய் கசிந்து பிசுபிசுத்தது. வருடக்கணக்கில் வெந்த கார்டில்தான் அப்படிக் கசியும். குளிப்பாட்டினாலும் போகாத அழுக்கு அது. முதலாளி மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டினார். பேசாமல் இரு என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் எதுவும் ஆகாது. அவள் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, தன்னை ஒன்றும் தெரியாதவள் என்று முடிவு கட்டிக்கொண்டு, போய்விடுவாள். ஆயுசுக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பாள்.

"நீங்க கெடுக்கலக்கா" என்றான். "இந்தக் கார்டு புதுசு இல்ல. ரெண்டு வருஷம் ராப்பகலா ஓடினது. நான்தான் தொடைச்சு, சீல் போட்டு, குடுத்தேன்."

"டேய், வாயை மூடுறா!" என்று முதலாளி எழுந்தார். கல்லூரிப் பெண்கள் கையிலிருந்த கீபோர்டைக் கீழே வைத்தார்கள்.

பஸ் அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கடகடவென்று கொட்டினான்.

"வெலை ஏறிப்போச்சுக்கா. புதுசு உங்க பட்ஜெட்டுக்குள்ள வரல. நீங்க ஆசைப்பட்டது கிடைக்காம போயிடக் கூடாதுன்னுதான்... உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சுக்கிட்டேன். தப்புதான்க்கா. என்ன வேணா திட்டுங்க."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். ஒரு அறை விழுந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். அவள் குனிந்து அந்தக் கார்டைப் பார்த்தாள்.

"பழசுன்னு சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேனே" என்றாள் மெதுவாக. "இருபது வருஷமா நான் ஓட்டறது பழைய வண்டிதான். பழசை எப்படிப் பதமா ஓட்டணும்னு எனக்குத் தெரியாதா? புதுசுன்னு நம்பிதானே போட்டு அழுத்தினேன்."

திட்டியிருந்தால் அதற்குப் பதிலாக மன்னிப்பு என்று ஒன்று கையில் வைத்திருந்தான். இதைக் கேட்டதும் நாற்பது நாளாக அவனுக்காக வாதாடிய வக்கீலும் எழுந்து போய்விட்டான்.

அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "பாதி வெலைப் பேச்செல்லாம் வேணாம். இந்தக் கார்டுக்கு நான் குடுத்த பணம் முழுசா வரணும். மத்ததை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்." சத்தம் போடவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்காரவைக்கிறவளின் குரல் அது. கல்லூரிப் பெண்களில் ஒருத்தி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலாளி அதைப் பார்த்தார், திருப்புளியை எரித்துவிடுவது போல் பார்த்தார், கல்லாவைத் திறந்தார்.

"மத்தது எல்லாம் சத்தியமா புதுசுக்கா" என்றான் திருப்புளி.

அவள் பணத்தை எண்ணிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கார்டைக் கழட்டி எடுத்துக்கங்க சார்" என்றாள். "எனக்கு ஸ்கூல் விடற நேரமாச்சு."

சார் என்றது யாரை என்று ஒரு நொடி அவனுக்கு விளங்கவில்லை. தம்பி சார் ஆகிவிட்டான் என்று பிறகு விளங்கியது. குனிந்து திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான். ஒன்றைக் கழற்றி மேசைமேல் வைத்தான், இரண்டாவதை வைத்தான். பஸ் அக்கா ஒரு அடி நெருங்கி வந்து, அவன் விரல்கள் எதை எடுக்கின்றன, எங்கே வைக்கின்றன என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.