மேல்படிக்கு ஒரு சதவீதம்

லவோன் கசின்ஸ்கி ஏணியின் மேல்படியில் ஏறி நின்றார். அதில் யாருக்கும் சண்டை இல்லை. ‘இதன்மேல் நிற்காதே’ என்று அந்தப் படியிலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அதிலும் சண்டை இல்லை. கூரையோர வடிகாலில் சருகு அள்ளிக்கொண்டிருந்தபோது ஏணியின் ஒரு கால் மடங்கியது. உள்ளே அடித்திருந்த ஆணி குட்டை என்று ஒரு நிபுணர் சொன்னார். மேல்படியில் நின்றதால்தான் மடங்கியது என்று இன்னொரு நிபுணர் சொன்னார். இடுப்பெலும்பு உடைந்ததை மட்டும் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிய அந்தம்மாவால் இனி ஓட்ட முடியாது.

தப்பு அவருடையதா, ஏணி செய்த கம்பெனியுடையதா என்று சொல்ல, விஸ்கான்சினில் எங்கள் மாவட்டத்திலிருந்து ஆறு பேரைப் பிடித்துக் கோர்ட்டில் ஜூரியாக உட்காரவைத்தார்கள். நான் அதில் ஒருத்தி. பெயர் மார்லிஸ், சீஸ் ஆலையில் வேலை.

நாலு நாள் கேட்டேன். கம்பெனி வக்கீல் பேசினால் கம்பெனி பக்கம் நியாயமாகப் பட்டது. லவோனின் வக்கீல் எழுந்தால் அவர் பக்கம் நியாயமாகப் பட்டது. காற்றடிக்கிற பக்கமெல்லாம் சாய்கிறோமே என்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, எங்களை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். தலைவராக கோர்டியை வைத்தோம். மாடுகளை விற்றுவிட்டு ஓய்ந்திருந்த பால் பண்ணைக்காரர்.

“மேல்படியில நின்னவங்க கையைத் தூக்குங்க. பொய் சொல்லக் கூடாது” என்றார்.

ஆறு கையும் மேலே போயின.

“சரியாப் போச்சு. ஜெயிலுக்குப் போக வேண்டியது நாமதான்.”

படிவத்தில் இரண்டு கேள்விகள். நஷ்டம் எவ்வளவு என்பது முதலாவது. அதைத் தாராளமாகவே எழுதினோம். இரண்டாவது, நூறு சதவீதத் தப்பில் யாருக்கு எவ்வளவு. சுற்றிச் சுற்றிப் பேசியும் பாதிக்குப் பாதியில்தான் வந்து நின்றோம். பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

“பாதிக்குப் பாதின்னா, நாலு நாளா நாம எதையுமே யோசிக்கலைங்கிற மாதிரி இருக்கு” என்றேன். “அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியும்ல? ஒண்ணு கூடப் போடுவோம். அவங்களுக்கு அம்பத்தொண்ணு, கம்பெனிக்கு நாப்பத்தொம்பது. தலையில ஒரு சின்னக் குட்டு, அவ்வளவுதான்.”

“அதனால அவங்களுக்கு ரொம்பக் குறைஞ்சிடாதே?” என்று கேட்டாள் பிரிட்டா. பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் பெண்.

“நூத்துல ஒண்ணுதானேம்மா” என்றேன் நான்.

கோர்டி எதற்கும் கேட்டுவிடலாம் என்று நீதிபதிக்குச் சீட்டு எழுதி அனுப்பினார்: இந்தச் சதவீதப்படிதான் பணம் பிரியுமா? பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ‘உங்களிடம் ஏற்கெனவே சொன்ன விதிகளின்படி முடிவு செய்யுங்கள்.’

“இதுக்கு என்ன அர்த்தம்?” என்றாள் பிரிட்டா.

“ஏதாவது வில்லங்கம் இருந்தா சொல்லியிருப்பாருல்ல?” என்றார் கோர்டி.

எங்களுக்கு அது சரியாகவே பட்டது. பாம்பும் செத்தது, கம்பும் உடையவில்லை என்று எனக்கு ஒரே திருப்தி. முடிந்ததும் ஆறு பேருமாக வறுத்த மீன் சாப்பிடப் போவதாகப் பேசிக்கொண்டோம்.

தீர்ப்பைப் படித்தபோது லவோன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாற்பத்தொன்பது சதவீதம் கையில் வரும் என்று அவரும் நினைத்திருப்பார். கம்பெனி வக்கீல் எழுந்து என்னவோ கேட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இந்த மாநிலச் சட்டப்படி, எதிராளியைவிட அதிகத் தப்பு உள்ளவருக்கு ஒரு காசும் கிடையாது என்றார். பாதியோடு நிறுத்தியிருந்தால் பாதி கிடைத்திருக்கும். அதை முன்கூட்டியே எங்களிடம் சொல்லக் கூடாதாம், அதுவும் சட்டமாம். கண்ணைக் கட்டிவிட்டு எண்ணச் சொல்வது என்ன நியாயமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மீனைப் பற்றி யாரும் பேசவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் லவோன் ஊன்றி நடக்கும் நடைவண்டியைப் பிடித்தபடி எனக்கு எதிரே வந்தார். ஒதுங்கிப் போயிருக்கலாம், நின்றேன்.

“நீங்க அந்த ஆறு பேர்ல ஒருத்தர்தானே? கோவமில்லைங்க, ஒண்ணு மட்டும் புரியல. அந்த ஒரு சதவீதம் எதுக்கு?”

“மேல்படியில நின்னதுக்கு.”

“அதுக்குத்தான் அம்பது போட்டாச்சே.”

“நான்தாங்க சொன்னேன். ஒண்ணுதானேன்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு தெரியாது.”

“நீங்க நின்னதே இல்லையா?”

“போன சனிக்கிழமைகூட நின்னேன்.”

தலையாட்டிக்கொண்டார். நடைவண்டியைத் திருப்பி இரண்டடி போனவர் நின்றார்.

“இனிமே பாத்து ஏறுங்க” என்றார்.